உபதேசம் செய்த அண்ணன்

அண்ணன் ஆசிரியர், இயற்கணிதம் கற்பிப்பவர். தம்பி இசைவாணன், அபினிலிருந்து பிறக்கும் ஹெராயினுக்கு இரையானவன். சுரங்க ரயிலில் செல்லும் அண்ணன், செய்தித்தாளில் தம்பி பிடிபட்ட செய்தியைக் காண்கிறார். அங்கே தொடங்குகிறது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1957-ல் வெளியிட்ட 'சன்னியின் புளூஸ்' என்னும் சிறுகதை. களம், நியூயார்க் நகரத்து ஹார்லெம் — நிறவெறி வகுத்த சேரி!

செய்தி கண்ட அண்ணன் என்ன செய்தார்? ஓடோடிச் சென்று பார்த்தாரா? ஒரு கடிதமேனும் தீட்டினாரா? இல்லை! நெடுநாள் மௌனம் காத்தார். தம் செல்ல மகள் இளம்பிள்ளை வாதத்தால் மாண்ட பிறகே எழுதுகோலை எடுத்தார். தம் வீட்டில் துயர் புகுந்த பின்னரே தம்பியின் துயர் தெரிந்தது!

இவர் கொடியவரா? அல்லர், நல்லவர், படித்தவர், குடும்பத்தைப் பேணுபவர். அந்த நல்லவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார் பால்ட்வின். கதையின் வெற்றி அதுவே.

தாய், தன் இறுதிக் காலத்தில் மூத்தவனிடம் வேண்டியது, தம்பியைத் திருத்து என்பதன்று. தடுக்க இயலாத தீங்கு வந்தாலும், துணைக்கு ஆள் உண்டு என்று அவனுக்கு உணர்த்து என்பதே. அண்ணனோ அறிவுரை பொழிந்தார். அது பலிக்காதபோது, இப்படி வாழ்வதினும் சாவது மேல் என்று சீறினார்! நானும் ஓர் ஆசிரியன். அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது, என் நாவும் கூண்டில் நிற்பதாக உணர்ந்தேன். உபதேசம் எமக்கு எளிது. செவி கொடுத்தலே அரிது!

பால்ட்வின் பதினான்கு வயதில் பிரசங்கியாகிப் பதினேழில் அதைத் துறந்தவர். கதையில் தெருவோர ஜெபக் கூட்டம் ஒன்று வருகிறது. ஆண்டவன் இறங்கி வந்து சன்னியை மீட்டிருந்தால், கதை மதத் துண்டறிக்கையாகச் சரிந்திருக்கும். பாடும் மாதின் குரலில் சன்னி காண்பது அருளையன்று. அவள் பட்ட வேதனையை! அதன் பிறகே வாய் திறக்கிறான். மயக்கத்தின் இன்பத்தையும் இழிவையும், அது மீண்டும் வரக்கூடும் என்பதையும் கூறுகிறான். அண்ணன், நாவின் நுனிக்கு வந்த வாக்குறுதிகளை விழுங்கிவிட்டுக் கேட்கிறார்.

குறையும் உண்டு. கதையில் மருத்துவத்திற்கு இடமில்லை; இசையே மருந்தென வாசகர் மயங்கக்கூடும். கதை வெளிவருவதற்கு முந்திய ஆண்டே, 1956-ல், போதைக்கு அடிமையானவர் நோயாளியே என வாதாடி நூல் எழுதினார் மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர். 1965-ல் அவரும் வின்சென்ட் டோலும் மெத்தடோன் சிகிச்சையின் பயனை வெளியிட்டனர். ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என எள்ளுவோர் இன்றும் உளர். ஆனால் மெத்தடோனும் புப்ரனார்பினும் வேட்கையைத் தணித்து, சாவைக் குறைக்கின்றன. 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறின.

இன்னொன்று: அடைபட்ட காலத்தில் ஹெராயினை விட்டவனின் உடல், அதைத் தாங்கும் ஆற்றலை இழக்கிறது. வெளியே வந்து பழைய அளவை ஏற்றினால் மூச்சே நின்றுவிடும். விடுதலை பெற்ற நாளே ஆபத்தான நாள்! உடனே நலாக்சோன் செலுத்தினால் உயிர் மீளும். தனியே கிடப்பவனுக்கு அதைச் செலுத்துவது யார்? தாயின் வேண்டுகோளும் மருத்துவரின் அறிவும் சந்திக்கும் இடம் அது.

இறுதியில் இரவு விடுதியில் சன்னி பியானோ வாசிக்க, அண்ணன் அனுப்பிய கோப்பை அதன்மேல் ஒளிர்கிறது. விவிலியத்து உவமையோடு கதை முடிகிறது. உவமை பழையது, உள்ளம் புதியது. சன்னி குணமாகிவிட்டான் என்று பால்ட்வின் பசப்பவில்லை. தம்பி தனியனல்லன், அவ்வளவே!

தோழர்களே! தலைவிதி என்று கைவிடுவது மூடநம்பிக்கை. உபதேசத்தால் நோய் தீரும் என்பதும் மூடநம்பிக்கையே! கதையைப் படியுங்கள். நீங்கள் எழுதாமல் நிறுத்திவைத்த கடிதம் ஏதேனும் இருப்பின், இன்றே எழுதுங்கள்.