மாடர்ன் தியேட்டர்ஸ் துப்பறியும் படங்களும் இராம சுந்தரமும்

தமிழில் உளவுப் படம் என்றதும் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஜெய்சங்கரே நினைவுக்கு வருகிறார். அப்பட்டத்தை அவருக்குத் தேடித்தந்த படங்களைத் தயாரித்து இயக்கியவர் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் தந்தையோடு சேர்த்துக் குழப்பப்படுகிறார்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை 1935-இல் நிறுவிய டி. ஆர். சுந்தரம் 1963-இல் காலமானார். எனவே ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகியவற்றை அவர் கணக்கில் எழுதுவது பிழை. இவை அவருடைய மகன் இராம சுந்தரத்தின் படைப்புகள். திரையில் ஆர். சுந்தரம் என்று வருவதே குழப்பத்திற்குக் காரணம்.

‘டாக்டர் நோ’ 1962-இல் வெளிவந்தபின் உலகெங்கும் உளவாளிக் கதைகள் பெருகின. அப்படத்தை ஹாரி சால்ட்ஸ்மனுடன் இணைந்து தயாரித்த ஆல்பர்ட் புராக்கோலி, 1982-இல் ஆஸ்கர் விழாவில் தால்பெர்க் விருது பெற்றார். பாண்டாக நடித்தவர்கள் மாறினாலும் தயாரிப்பாளர் பெயர் நிலைத்தது. தமிழில் நடந்தது இதற்கு நேர்மாறு.

இராம சுந்தரத்தின் கதைகள் பெரும்பாலும் இரவல்தாம். ‘வல்லவன் ஒருவன்’ பிரெஞ்சு மொழியின் ஓ.எஸ்.எஸ். 117 வரிசைப் படமொன்றைத் தழுவியது. வேதாவின் மெட்டுகள் பலவும் இந்தியிலிருந்து வந்தவை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்லியே அவரை ஒதுக்கிவிடுவதும் நியாயமன்று. சொந்த அரங்கம், பழகிய கலைஞர்கள், கட்டுக்குள் நின்ற செலவு ஆகியவற்றைக் கொண்டு அவர் தொடர்ந்து படமெடுத்தார். 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்ற முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படத்தைத் தந்த நிறுவனம், இவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. சிக்கனம் என்றாலும் இரவுக் காட்சிகளின் நிழலுக்கு அது பொருந்தியே வந்தது. எல். ஆர். ஈஸ்வரியின் குரலில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ இன்றும் ஒலிக்கிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. நாயகனின் வேகத்துக்கு ஈடான பகைவன் இப்படங்களில் உருவாகவில்லை. கதை நடக்கும் நாட்டின் அரசியலும் எட்டிப் பார்ப்பதில்லை. எனினும் நீண்ட வசனத்துக்கும் குடும்பக் கண்ணீருக்கும் பழகியிருந்த வ. புதுப்பட்டி போன்ற சிற்றூர்களின் ரசிகர்களுக்கு, இரண்டரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் கதை புதிய சுவை. தேர்ந்த விமரிசகர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

‘சி.ஐ.டி. சங்கர்’ படத்தில் நடித்த சகுந்தலாவுக்கு ‘சி.ஐ.டி.’ என்பதே பெயரின் முன்னொட்டாகிவிட்டது. சேலம் ஏற்காடு சாலையில் இன்று எஞ்சியிருப்பது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு.