மூலக்கூறும் மர உவமையும்

கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தனிநாயக அடிகள், சங்கப் புலவர் இயற்கையைக் கூர்ந்து நோக்கிய திறத்தை உலகறியச் செய்தார். கண்ணாற் கண்டதனோடு இசையாத உவமை அச்செய்யுள்களில் அரிது. அவ்வளவுகோலை இன்றைய அறிவியற்றமிழுக்கும் பொருத்திப் பார்த்தல் தகும். கலைப்பீட மாணவனுக்கு இரசாயனத்தில் என்ன அலுவல் என்பர். உவமை எமது துறையன்றோ?

'டென்ட்ரிமர்' என்னும் பெயர் மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஆதலின் 'மர மூலக்கூறு' எனத் தமிழாக்கத் தோன்றும். தீவக வாசகன் மரமென்றதும் காண்பது பனை, அதற்கோ கிளையில்லை. ஆலமரத்தைக் கொள்ளினும் அதற்கு அடியும் முடியும் உண்டு. இம்மூலக்கூறு நடுவிலிருந்து எத்திசையும் கிளைத்து உருண்டையாவது. 1985 இல் டொமாலியா குழுவினர் விவரித்த வகையில், நுனிகள் 4, 8, 16, 32 எனப் படிதோறும் இரட்டிக்கலாம். மணற்கரையில் உருளும் இராவணன் மீசையின் பூங்கொத்து இதற்கு அண்மையது. ஆயினும் அதன் முட்கள் மேலும் கிளைப்பதில்லை.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. இந்நுனிகளிற் புளோரீனை ஏற்றி, மருந்தையும் சுமக்கச் செய்து, அது சென்ற இடத்தைக் காந்தப் பரிவுப் படத்திற் காண்பதே ஆய்வாளர் நோக்கம். பல்லிலும் என்பிலும் பிணைந்த புளோரீன் அப்படத்தில் தோன்றாது. எனவே தோன்றுவது நாம் செலுத்தியதே. ஆனால் உடலில் ஐதரசன் நிறைந்திருப்பதுபோல் இது நிறைந்திராமையால் சைகை மெலியது. அணுக்கள் வெவ்வேறு சூழலில் அமையின் அம்மெல்லிய சைகையும் பலவாகச் சிதறும். ஒத்த சூழலில் அமையின் ஒன்றாய்த் திரளும். மரமென்று கற்றவன் மேற்கிளை வேறு, கீழ்க்கிளை வேறு என்றே எண்ணுவான். வடிவமைப்பின் உயிர்நிலையான சமச்சீர் அவனுக்குப் புலப்படாது.

மர உவமைக்கு ஓரிடத்தில் நியாயமுண்டு. புளோரீன் செறிந்த பகுதி நீரோடும் கொழுப்போடும் எளிதிற் கலவாது. அதனால் சில வடிவங்களில் ஒருபுறம் புளோரீன் கிளைகளும் மறுபுறம் நீர்நாடும் பகுதியும் இணைக்கப்படுகின்றன. அங்கே கிளையும் வேரும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் நுனிகள் யாவும் நிகரானவை என்பதை அவ்வுவமை சொல்லாது.

மானிப்பாயில் தமிழில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியர் 1875 இல் தம் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். தூய்மை நாடுவோர் முகஞ்சுளிக்கலாம். அச்சொல் எவரையும் பிழையான படத்திற்கு இட்டுச் செல்லவில்லை. 'கதிர்க்கிளை மூலக்கூறு' என்பதை நான் முன்வைக்கிறேன். அது பொருந்தாதெனில், 'டென்ட்ரிமர்' என்றே எழுதிப் பக்கத்தில் ஒரு படம் வரைக.