தந்தப் பிடி

சரித்திரக் கதைகளில் வரும் கட்டாரிக்குப் பெரும்பாலும் தந்தப் பிடிதான். இடையிலிருந்து அது பளபளவென்று வெளியே வரும். ஆசிரியர் மேலே போய்விடுவார், வாசகரும் கூடவே போய்விடுவார். எந்தப் பிராணியின் தந்தம் என்று ஒருவரும் கேட்பதில்லை. பழைய ஆயுதங்களை விற்கிறவர்களின் பட்டியல்களும் பல சமயம் இதே காரியத்தைத்தான் செய்கின்றன. தந்தம் என்றால் வடமொழியில் பல். ஆகவே பட்டியல் எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. யாருடைய பல் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

இந்தச் சோம்பலுக்கு நேர் எதிரான எழுத்து ஒன்று உண்டு. எழுதியவர் 1605 முதல் 1627 வரை ஆண்ட மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர். கத்திப் பிடிக்கு ஆகும் 'மீன் பல்' என்ற பொருளைப் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் ஆசை தீர எழுதியிருக்கிறார். கறுப்புத் திட்டுகள் கலந்த பல்லின் மேல் அவருக்கு அடங்காத மோகம். பாரசீகத்துக்கும் அதற்கு அப்பாலும் ஆள் அனுப்பி, என்ன விலையானாலும் வாங்கி வரச் சொன்னார். கடைசியில் அப்படி ஒன்று ஆக்ரா கடைவீதியில் அற்ப விலைக்கு அகப்பட்டது. வாங்கியவன் அந்தக் கறுப்பைத் தீயில் கருகியது என்று நினைத்து, சுரண்டி எடுக்கும்படி ஒரு தச்சனிடம் கொடுத்தான். தச்சனுக்கு அது இன்னதென்று உடனே தெரிந்துவிட்டது. பிறகு பூரண், கல்யாண் என்ற இரண்டு கைவினைஞர்களிடம் அது கத்திப் பிடியாயிற்று.

எவ்வளவு நல்ல கதை பாருங்கள்! களங்கம் என்று ஒருவன் சுரண்டப் போனதுதான் அந்தப் பொருளின் அடையாளம். அதைக் கண்டவன் தச்சன். அந்தப் பெருமையைச் சக்கரவர்த்தி தச்சனுக்கே விட்டுக்கொடுக்கிறார். இதில் குறை இல்லாமல் இல்லை. அது மீனின் பல்லே அல்ல. வால்ரஸ் என்னும் வடதுருவக் கடல் விலங்கின் கோரைப்பல். ஆனால் ஜஹாங்கீருக்குப் பெயர்தான் தவறியது, பார்வை தவறவில்லை. நம் ஆசிரியர்களுக்கோ பெயர் தவறுவதில்லை, பார்வையே இல்லை.

பார்ப்பது அப்படி ஒன்றும் சிரமமான காரியமல்ல. பிடியின் நுனியில், பல் குறுக்காக அறுபட்ட இடத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். யானைத் தந்தமானால், வலை விரித்தாற்போல் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். தந்தத்தின் வெளிப்புறத்தை ஒட்டி அவை 115 பாகைக்கு மேல் அகன்று வெட்டினால் பொதுவாக இக்கால யானை. 90 பாகைக்குள் நெருங்கினால் அழிந்துபோன மாமத் யானை. வால்ரஸ் பல்லில் இந்த வலை கிடையாது. மேலே வழவழப்பு, உள்ளே சவ்வரிசிக் கஞ்சி உறைந்தாற்போல் மணிமணியாக இருக்கும். நீர்யானைப் பல்லில் நெருக்கமான, நுண்ணிய அலைக்கோடுகள் தெரியும். வெறும் எலும்பானால், இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் கரும்புள்ளிகளாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

இது பண்டிதர்களின் பொழுதுபோக்கு அல்ல. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தை நிறுத்துவதென்று 1989-இல் நாடுகள் கூடி முடிவு செய்தன. மாமத் தந்தத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் தடை இல்லை. ஆகவே நேற்றுக் கொன்ற யானையின் தந்தத்தை மாமத் என்று சொல்லி விற்க வழி பிறக்கிறது. பொருளைப் பாராமல் பெயரை மட்டும் ஏற்றுக்கொண்டால், அதற்கு ஒரு யானை உயிரால் விலை கொடுக்கிறது.

கதாசிரியரிடம் நான் ஆராய்ச்சி கேட்கவில்லை. கட்டாரியை உருவுவதற்கு முன் கதாநாயகன் ஒரு கணம் அதன் பிடியை விளக்கடியில் திருப்பிப் பார்க்கட்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவன் காதலைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் சொல்வதை நாம் நம்பிக் கேட்கலாம்.