கேசட்டை நம்பி எழுதிய தீர்ப்பு

ராக் குழுவான கிங் கிரிம்சனின் கச்சேரிப் பதிவாக 1972 ஜூனில் பிரிட்டனில் வெளிவந்த 'எர்த்பவுண்ட்' இசைத்தட்டை அமெரிக்காவில் வெளியிட அட்லாண்டிக் நிறுவனம் மறுத்துவிட்டது. ஒலித்தரம் போதாது என்பதே காரணம். பிரிட்டனிலும் ஐலண்ட் நிறுவனம் அதை மலிவு விலை 'ஹெல்ப்' வரிசையில்தான் கொண்டுவந்தது. அதில் வாசித்த நால்வர் அணியைப் பலரும் நெடுநாள் இரண்டாந்தரமாகவே எண்ணினார்கள். தடுமாறியது அணியா, பதிவா என்று பிரித்துப் பார்க்க அப்போது வழியில்லை.

அணியின் நிலையும் சரியில்லை. 1972 தொடக்கத்தில் ஒத்திகையிலேயே குழு உடைந்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு ஒப்பந்தம் இருந்ததால் மட்டுமே மேடை ஏறினார்கள். கிட்டாரில் ராபர்ட் ஃப்ரிப், சாக்ஸபோனில் மெல் காலின்ஸ், டிரம்ஸில் இயன் வாலஸ், பாட்டும் பேஸ் கிட்டாரும் போஸ் பரெல். பரெல் பேஸ் வாசிக்கத் தொடங்கியதே அதற்கு முந்தைய ஆண்டுதான், கற்றுக்கொடுத்தவர் ஃப்ரிப்.

பதிவு செய்தது ஒலிப்பொறியாளர் ஹன்டர் மெக்டொனால்டு. மேடையின் மிக்ஸரிலிருந்து ஒரு வயரை இழுத்து ஆம்பெக்ஸ் கேசட் ரெக்கார்டரில் செருகினார். ஃபோக்ஸ்வாகன் வண்டியின் பின்புறத்தில், மழையில் பதிந்தது என்று உறைக்குறிப்பே சொல்கிறது. ஸ்டூடியோ நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட் ஓடுவது 4.76 சென்டிமீட்டர். அகலமும் 4 மில்லிமீட்டருக்குள். சாக்ஸபோனும் டிரம்ஸும் ஒன்றாக எகிறும்போது அவ்வளவையும் தாங்க அந்த நாடாவில் இடமில்லை.

இத்தகைய நாடாவை மீட்பவர் முதலில் கணினியைத் தொடுவதில்லை. பிளேயரின் ஹெட் நாடாவில் பதிந்த கோணத்தோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஸ்தாயி ஒலிகள் அங்கேயே மங்கிப்போகும். அடுத்தது வேகம். ரெக்கார்டர் சற்று மெதுவாக ஓடியிருந்தால், இன்று பாட்டு முழுவதும் சுருதி ஏறிக் கேட்கும். பிறகுதான் நாடாவின் சீறலைக் குறைக்கும் வேலை. அதில் கொஞ்சம் பேராசை பட்டாலும் சிம்பலின் நீண்ட ரீங்காரம் சீறலோடு சேர்ந்து காணாமல் போகும்.

மிகவும் கடினமானது ஒலிச்சிதைவு. அளவு மீறிப் பதியும்போது ஒலியலையின் உச்சி அறுந்துபோகிறது. குருத்து வெட்டிய தென்னை மறுபடி துளிர்க்காது; அந்த உச்சியும் அப்படியே. மென்பொருள் ஊகித்து ஒட்டுப்போடலாம், அவ்வளவுதான். 'எர்த்பவுண்ட்' இதில் இன்னொரு பொறியும் வைத்திருக்கிறது. 'க்ரூன்' பாட்டின் டிரம்ஸ் தனி வாசிப்பை விசிஎஸ்3 சிந்தசைஸர் வழியாக வேண்டுமென்றே முறுக்கி விட்டிருக்கிறார்கள். 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்டு மேன்' பாட்டின் குரலோ 1969 ஸ்டூடியோ பதிவிலேயே கரகரப்பாக்கப்பட்டது. எது கேசட்டின் கோளாறு, எது குழு கேட்டு வாங்கிய கரகரப்பு என்று தெரியாதவர் கை வைத்தால் வாசிப்பே போய்விடும்.

அதனால்தான் இந்த அணியின் மறுமதிப்பீடு ஒரே நாடாவைத் துடைத்துத் துடைத்து வரவில்லை. அதிக நாடாக்களைத் திறந்ததால் வந்தது. ஃப்ரிப்பும் டேவிட் சிங்கிள்டனும் நடத்திய டிஜிஎம் நிறுவனம் 1998இல் அதே சுற்றுப்பயணத்தின் ஜாக்சன்வில் கச்சேரியை வெளியிட்டது. 2002இல் 'லேடீஸ் ஆஃப் தி ரோடு' தொகுப்பு வந்தது. அதன் இரண்டாம் தட்டு துணிச்சலான வேலை: ஒரே 'ஸ்கிட்ஸாய்டு மேன்' பாட்டுக்காக வெவ்வேறு இரவுகளில் நிகழ்ந்த தனி வாசிப்புகளை அடுத்தடுத்துக் கோத்திருக்கிறார்கள். காலின்ஸ் தன்னையே திரும்ப வாசிப்பவர் அல்ல என்பது அங்கே நிரூபணமாகிறது. மற்ற மூவரும் ஃபங்க், ப்ளூஸ் பக்கம் இழுக்க, ஃப்ரிப் வேறு திசையில் கூர்மையாக வெட்டுகிறார். அந்த இழுபறிதான் அணியின் பலம். 2017இல் 'செய்லர்ஸ் டேல்ஸ்' பெட்டித் தொகுப்பு 27 தட்டுகளோடு வந்தபோது ஆதாரம் குவிந்துவிட்டது.

கலந்துபோன ஒலியிலிருந்து ஒவ்வொரு கருவியையும் தனியே பிரிக்கும் மென்பொருள் இப்போது இருக்கிறது. பீட்டில்ஸின் 2021 'கெட் பேக்' ஆவணப்படத்தில் அதன் திறமையை உலகம் பார்த்தது. ஆனால் பதியும்போதே அறுந்துபோன ஒலியை அதுவும் மீட்காது. ஆகவே புதிதாகக் கேட்பவர் 2002 தொகுப்பின் இரண்டாம் தட்டில் தொடங்கி, நால்வரின் கைவரிசை பிடிபட்ட பிறகு 'எர்த்பவுண்ட்' பக்கம் வரலாம். இரைச்சல் அப்போதும் குறையாது. அதற்குள் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது தெரியும்.