வந்த தேதி: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் குடியேற்றமும் சட்டமும்

ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் இணைக்கும் சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாதது. ஆயினும், ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்ந்து குடியேறும் மனிதர்களை இந்தியச் சட்டம் எத்தனை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறதோ, அத்தனை வகையினரையும் இச்சாலையின் இரு மருங்கிலும், மேற்கே மலையடிவாரம் வரையிலும் காணலாம். செண்பகத்தோப்பில் பளியர்கள் இருக்கிறார்கள். பழையபாளையத்திலும் புதுப்பாளையத்திலும் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலுக்கு வெளியே தமிழும் பேசுகிற ராஜுக்கள் இருக்கிறார்கள். நூற்பாலை விடுதிகளில் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். மொட்டமலையில், இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழர்களின் முகாம் இருக்கிறது. இவர்களில் முழுப் பிரஜை யார், பெயரளவில் பிரஜை யார், பிரஜையே அல்லாதவர் யார் என்பதை நிர்ணயிப்பது எது என்று கேட்டால், மொழி என்பார் சிலர், இரத்தம் என்பார் சிலர், உழைப்பு என்பாரும் உண்டு. அண்மைக் காலத்துச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் விஞ்ஞான அறிக்கைகளையும் ஒருசேர வைத்துப் படித்த பிறகு, ஏதோ ஓர் அலுவலகத்தில் எவரோ குறித்த ஒரு தேதிதான் இதை நிர்ணயிக்கிறது என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டது.

பழைய குடியேற்றங்களைப் பற்றி முதலில் சொல்லலாம். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ஒரு பெருங்காவியம் இயற்றப் புகுந்தபோது அதன் நாயகியாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணாகிய ஆண்டாளையே தேர்ந்தெடுத்தார். ‘ஆமுக்தமால்யதா’ என்பது அக்காவியத்தின் பெயர். படையும் ஏரும் தெற்கே வந்த அதே காலத்தில் காவியமும் வந்து சேர்ந்தது என்பது இவ்வட்டாரத்தின் சரித்திரத்தில் நான் மிகவும் ரசிக்கும் செய்தி. பின்னர் மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் இவ்வூரில் கட்டிய மாளிகை, ஆங்கிலேயர் காலந்தொட்டு நெடுநாள் நியாயஸ்தலமாக இயங்கிற்று. வடக்கேயிருந்து வந்த ஒரு வம்சத்தின் கூரைக்குக் கீழே அமர்ந்து, எந்த நிலம் யாருக்குப் பாத்தியம் என்று வழக்காடுவதில் எவருக்கும் விகற்பம் தோன்றவில்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய நூல், இம்மக்களை ஆளுக்கொரு பெட்டியில் அடைத்து, பெட்டியின் மேல் பெயர் ஒட்டி வைத்தது. அந்நூலைப் பயன்படுத்தாமல் இத்துறையில் எவரும் எழுத முடிவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் எதற்காக ஊரை விட்டுக் கிளம்பியது, வழியில் எதைப் பறிகொடுத்தது, கரிசல் காட்டை எப்படித் திருத்திக் குடியிருப்பாக்கியது என்பவற்றை அறிய விரும்புகிறவர் தர்ஸ்டனை மூடிவைத்துவிட்டு, 1976-இல் வெளிவந்த கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராம’த்தைத் திறப்பதே உத்தமம். ஆந்திர தேசத்திலிருந்து அஞ்சி ஓடிவந்த ஒரு குடும்பம் தென்பாண்டிச் சீமையின் மண்ணில் வேர்பிடித்த கதை அது. குடியேற்றத்தைப் பற்றித் தமிழில் வந்த எந்த ஆராய்ச்சி நூலையும் விட அந்நாவல் மேலானது என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

வேர்பிடித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு ராஜபாளையமே சாட்சி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தோற்றுவித்த ராஜபாளையம் மில்ஸ், இந்த ஊரை வேளாண்மை ஊரிலிருந்து ஆலை ஊராக மாற்றியது. இதே ஊரில் பிறந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்ஜியத்தின் முதலமைச்சராக இருந்தார்; பின்னர் 1954-இல் ஒரிஸ்ஸாவின் கவர்னரானார்; தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். அவருடைய மூதாதையர் எந்த நூற்றாண்டில் எந்தக் கணவாய் வழியாக இறங்கி வந்தார்கள் என்று அவரிடம் எவரும் சான்றிதழ் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று சில மேடைகளில் அந்தக் கேள்வி உரத்த குரலில் கேட்கப்படுகிறது. நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தவரின் சந்ததியை அந்நியர் என்று சுட்டுகிற அரசியல், ஓட்டுக்கு உதவினாலும் உதவலாம், சரித்திரத்துக்கு உதவாது.

அந்த அரசியலுக்கு இப்போது விஞ்ஞானத்தின் பேரில் ஒரு புதிய ஆசை பிறந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ராம. பிச்சப்பன் நடத்திய ஆய்வுகளில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்னும் மரபணுக் குறி காணப்பட்டதும், ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாகப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஆதி மாந்தரின் தடம் அது என்று சொல்லப்பட்டதும் உலகச் செய்தியாயின. 2012-இல் அவரது குழுவினர், தமிழ்நாட்டின் 12 பழங்குடி மற்றும் 19 பிற சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்து, இங்குள்ள சமூகப் பிரிவினைகள் சாதி முறைக்கும் முற்பட்ட வேளாண்மைப் பரவலோடு தொடர்புடையவை என்று எழுதினர். 2019 செப்டம்பரில், 523 தொன்மனிதர்களின் மரபணுவை வைத்து எழுதப்பட்ட பெரிய ஆய்வும், ராகிகடியில் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்பை வைத்து எழுதப்பட்ட ஆய்வும் ஒருங்கே வெளிவந்தன. தில்லியில் ஒரு சாரார் இவற்றிலிருந்து எவருமே வெளியிலிருந்து வரவில்லை என்று வாசித்தார்கள். சென்னையில் ஒரு சாரார் ஆரியர்தாம் வந்தார்கள், நாம் வரவில்லை என்று வாசித்தார்கள். இரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியாவிலுள்ள பெரும்பான்மையோர் வெவ்வேறு காலங்களில் வந்து கலந்த பல கூட்டத்தாரின் சந்ததி என்ற சித்திரமே கிடைக்கிறது. அது இருவருக்கும் ருசிக்கவில்லை. 2025 ஜனவரியில் சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழக அரசு அறிவித்ததும், அதே ஆண்டு மே மாதத்தில் அமர்நாத் ராமகிருஷ்ணாவின் கீழடி அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் தொல்லியல் துறை கேட்டதும், ஆண்டுக் கணக்கை வைத்து அரசுகள் ஆடும் ஆட்டத்துக்கு அண்மை உதாரணங்கள். நம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் குழி தோண்டியவர்கள் சங்கு வளையலையும் சுடுமண் பொம்மையையும் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். அவற்றை அணிந்தவர் எந்தக் கட்சி என்பதை எடுத்துவைக்கும் சிரமம் மற்றவர்களுக்கு.

தேதி என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் சேர்ந்து 1,016 சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1988 முதல் சாம்பல் நிற அணிலுக்காகக் காக்கப்பட்டு வந்த சரணாலயம் அதில் அடங்கியது. இதை நான் முழுமனதாக வரவேற்கிறேன். இம்மலை வற்றினால் கீழே தோப்பும் இல்லை, கண்மாயும் இல்லை. ஆனால் அம்மலையில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியருக்கு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்தே அங்கு வசித்ததை நிரூபித்தால்தான் நிலம் உரிமையாகும். இந்நாட்டில் எவருக்கேனும் வந்த தேதி கேட்கக் கூடாது என்றால் அவரிடம்தான் கேட்கக் கூடாது, அவரிடமும் கேட்டாயிற்று.

ஆலைத் தொழிலாளர் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. ஒடிசாவிலிருந்து வரும் இளைஞனுக்கு அரசியல் சாசனம் எந்தத் தேதியும் விதிக்கவில்லை. அவன் முழுப் பிரஜை. பஞ்சு உதிரும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் தொடங்கி ரிங் ஃபிரேம் வரை, உள்ளூர்ப் பெண்கள் சைடராகவும் டாஃபராகவும் நின்ற இடங்களில் இப்போது அவனும் நிற்கிறான். ராத்திரி ஷிப்டு முடிந்து ஆலை பஸ்ஸில் ஏறும்போது அவன் தலைமுடியிலும் புருவத்திலும் அதே வெள்ளைப் பஞ்சுதான் படிந்திருக்கிறது. அவனைக் காக்கவென்று 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரை அமர்த்தினாலே பொருந்துவதாக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் பத்துப் பேர் வேண்டும் என்கிறது. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசின் அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துப் போகும்படி ஆயிற்று. ராஜபாளையத்து ராஜா ஒருவர் ஒரிஸ்ஸாவின் கவர்னராகப் போய் எழுபது ஆண்டுகள் கழிந்திருக்க, அங்கிருந்து பதில் மரியாதையாக இங்கு வருகிறவன் கூலியாகத்தான் வருகிறான் என்பது நாம் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய செய்தி.

இனி மொட்டமலை. இந்த விஷயத்தில் சற்று விஸ்தாரமாகப் பேசவேண்டியிருக்கிறது. இலங்கையின் தோட்டங்களுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிரஜாவுரிமையை 1948-இல் அந்நாட்டுச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 மனிதர்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்து, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மனிதரை இவ்வாறு நெல் அளப்பது போல் அளந்ததை இரு நாட்டின் ராஜதந்திரிகளும் சாதனையாகவே எழுதிக்கொண்டார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகுகளில் வந்தவர்களில் வடக்கு, கிழக்கு மாகாணத்தாரோடு மலையகத்தார் எனப்படும் இந்தத் தோட்டத் தொழிலாளர் வழியினரும் கலந்திருந்தார்கள். ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜையாகியிருக்க வேண்டியவரும் அகதி என்ற ஒரே பதிவேட்டில் சேர்ந்துபோனார்.

அகதி என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆகவே கடவுச்சீட்டின்றி வந்தவர் சட்டவிரோதமாக வந்தவர். சட்டவிரோதமாக வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க இயலாது. பிள்ளைகளுக்கோ வேறு தேதிகள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் பிரஜையாகவே இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், இந்த முதல் தேதியைக் காட்டி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்காடி 2022-இல் கடவுச்சீட்டுக்கு உத்தரவு பெற்று, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். அவருக்கு இரண்டாண்டு கழித்துப் பிறந்த தம்பியோ தங்கையோ இருந்திருந்தால், அதே கூரையின் கீழ் அவர் அந்நியராகவே இருந்திருப்பார்.

பத்துக்குப் பத்து அடி வீடு, க்யூ பிரிவுப் போலீஸாரின் கணக்கெடுப்பு, வெளியூர் சென்றால் அனுமதி, படித்தாலும் அரசு வேலை இல்லையாதலால் பெயின்ட் அடிக்கும் வேலை: இவை தமிழ்நாட்டின் 100-க்கு மேற்பட்ட முகாம்களுக்கும் பொதுவானவை. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து, மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டவும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டார். நல்ல காரியம். ஆயினும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கொடுக்கச் சென்னையால் முடியாது. அதற்குத் தில்லி வேண்டும், தில்லி 2019 டிசம்பரில் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளையும் 2014 டிசம்பர் 31 என்ற ஒரு தேதியையும் எழுதியது, இலங்கையை எழுதவில்லை. அத்திருத்தத்துக்கு மாநிலங்களவையில் ஆதரவளித்தது அ.தி.மு.க. அதை எதிர்த்துச் சட்டசபையில் 2021-இல் தீர்மானம் நிறைவேற்றிய தி.மு.க.வோ, 1996-க்கும் 2013-க்கும் இடையே பெரும்பாலான ஆண்டுகள் தில்லி மந்திரிசபையில் அங்கம் வகித்தும் இவர்களுக்காக ஒரு வரித் திருத்தம் வாங்கித் தரவில்லை. தொப்புள்கொடி உறவைப் பற்றி இரு கட்சியாரும் பேசுவதை இனிக் கேட்கிறவர்கள் இவ்விரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது நலம்.

2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா தர்மசாலை அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு குறிப்பிட்டது. சத்திரங்களுக்குப் பேர்போன நாட்டில் இந்த உவமை எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. அது போகட்டும், நாற்பதாண்டு தங்கியவரை வழிப்போக்கர் என்று எந்தச் சத்திரத்துக் கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டான். அதே ஆண்டு செப்டம்பரில் அமலுக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின் விலக்கு உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. மூன்று அண்டை நாட்டுச் சிறுபான்மையினருக்கு அவ்வுத்தரவு கொடுத்த கெடுவோ 2024 டிசம்பர் 31. சிறைக்குப் போகவேண்டாம் என்ற அளவுக்கு இது லாபம்தான். பிரஜையாகும் வழியை இது திறக்கவில்லை.

வழி என்னவோ சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1985-இல் அசாம் உடன்பாட்டையொட்டிச் சேர்க்கப்பட்ட 6ஏ பிரிவு, 1966-க்கு முன் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவரை அப்படியே பிரஜையாக ஏற்று, 1971 மார்ச் 25-க்கு முன் வந்தவரைப் பத்தாண்டு ஓட்டுரிமையின்றி வைத்துப் பின் பிரஜையாக்கியது. ஒரு மாநிலத்துக்கென்று தனிவிதி செய்தது செல்லும் என 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருக்கிறது. அசாமுக்கு ஆனது தமிழ்நாட்டுக்கு ஆகாதா? நாடு திரும்ப விரும்புகிறவர் திரும்பட்டும், அதற்கும் உதவி செய்யட்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவருக்கு 6ஏ போன்ற ஒரு பிரிவு வேண்டும். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளர், எந்தக் கட்சிக்காரராயினும் சரி, இந்த ஒரு திருத்தத்துக்குத் தாம் மசோதா கொண்டுவருவாரா என்று இங்குள்ள வாக்காளர்கள் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மொட்டமலையில் இருப்பவர்களுக்குக் கேட்க ஓட்டு இல்லை.