கோபால் கோஷின் ஆற்றங்கரைகள்

க்ளோத் மோனே 1889-இல் பிரான்சின் க்ரூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கை, ஒளி மாற மாற, எண்ணெய் வண்ணத்தில் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஆற்றங்கரைகளைத் தீட்ட, கொல்கத்தா ஓவியர் கோபால் கோஷுக்கோ நீர்வண்ணம். அதில் ஈரம் காய்வதற்குள் கை முடித்தாக வேண்டும். விறுவிறுவென நாலு கோடு, மரம் எழுந்துவிடும். அடிவானத்தில் மஞ்சள் பச்சைக்குள் கசியும். தண்ணீருக்குத் தாளின் வெண்மையே போதும். தொடாமல் விடுவதுதான் கடினம்.

1943-இல், பஞ்சம் வங்கத்தை வாட்டிய ஆண்டில், கல்கத்தா குழு என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். நமக்கும் உறவுண்டு: மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் சென்னையில் சிற்பம் பயின்றவர். சிற்பம் பழகிய கைக்கு இத்தனை லேசான தூரிகையா என்று வியக்கிறேன். கொல்கத்தா போனால் அவர் படங்களைத் தேடிப் பாருங்கள்.