முகாம் முகவரிக்கு ஒரு காப்பீடு

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆங்காங்கே மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள். கால் கொப்பளித்து வந்து உட்காருபவரிடம், எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை. அதே பாதையில் அடிஅண்ணாமலையில் இன்னொரு முகாம் உண்டு. அது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். அங்கே இருப்பவருக்கு நெஞ்சுவலி வந்தால் குடியுரிமை குறுக்கே வருமா?

வராது என்பது பாதி பதில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. உள்ளூர்க்காரர் தம் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும். முகாம்வாசிக்கு அந்த வரம்பும் இல்லை. குடியுரிமை விஷயத்திலோ, 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஈழத்தமிழரைச் சேர்க்கவில்லை. 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த பிள்ளையானாலும், குடியுரிமை பெறப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். டெல்லி சாத்திய கதவுக்குப் பக்கத்திலேயே சென்னை ஒரு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இதைச் சின்னக் காரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதி திட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது. 'முகாமில் வசிக்கும்' அகதிகள் என்கிறது அது. சலுகை ஆளுக்கு அல்ல, முகவரிக்கு. 2021இல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்பவர்கள் 34,087 பேர். இரு சாராரும் ஒரே போருக்குத் தப்பி வந்தவர்கள்தான். முகாமிலோ 'செக்கிங்' எனப்படும் ஆள்கணக்கெடுப்பு நாளில் ஆள் இருந்தாக வேண்டும். வேலை தேடி வெளியே குடிபோக நினைப்பவர் வாடகையோடு இதய அறுவைச் சிகிச்சையின் செலவையும் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. காப்பதற்கு வந்த அட்டை கட்டிப்போடவும் செய்கிறது.

திருவண்ணாமலை ரமண நகர் வீதிகளில் சைக்கிளில் போகும் ஐரோப்பியரும் குடியுரிமை இல்லாதவர்தான். ஆனால் அவர் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. அகதிக்குப் பின்னால் இருப்பது பிறர் தயவு மட்டுமே. வெளிநாட்டார் தயவு நமக்கும் புதிதல்ல: அமெரிக்கரான ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை; திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. தயவில் ஒரு சிக்கல் உண்டு: கொடுப்பவர் நிறுத்தினால் பெறுபவர் கேள்வி கேட்க முடியாது. காப்பீட்டில் அகதியின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இத்தனைக்கும் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரைக் கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசரச் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சக்மா அகதிகள் வழக்கில், அந்தப் பிரிவு குடிமக்கள் அல்லாதவரையும் காக்கும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் உயிர் காக்கும் மருத்துவத்துக்கு மனிதராக இருப்பதே தகுதி.

நாட்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தமிழக அரசு மாற்ற முடியாது. தன் காப்பீட்டு விதியை மாற்ற முடியும். 'முகாமில் வசிக்கும்' என்ற இரண்டு சொற்களை எடுத்துவிட்டு 'பதிவு பெற்ற' என்று எழுதட்டும்.